கராஜ் சுவரில் பந்தடிப்பவர்

ரெக்ஸ்டேலில் நாங்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்றுக்கு மேலே, வீட்டுக்காரியான ஐரிஷ் அம்மா தனியாக இருந்தார். கணவர் இறந்து பல வருடங்களாகியும் அவருடைய வரவேற்பறையில் கணவரின் ஆட்சிதான். கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு தங்கப் பதக்கம், பக்கத்தில் நுனி அகன்ற மரமட்டை, சுவரில் அவர்கள் பிறந்த கவுண்டியின் கொடி. கவுண்டி என்றால் நம் கணக்கில் மாவட்டம். மட்டையால் பந்தடிக்கும் ஹர்லிங் என்ற அவர்களது விளையாட்டில் அந்த மாவட்டம் அகில அயர்லாந்துக் கிண்ணத்தை வென்றது சில தடவைகள்தான். கடைசியாக வென்ற அணியில் அவர் கணவர் ஆடியிருக்கிறார். வென்ற வருடங்களை அம்மா செபமாலை சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லிவருவார். கணவரின் வருடம் வந்ததும் நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு சொல்ல எதுவும் இருக்கவில்லை.

நாங்கள் குடிபோன கோடையில், ஒரு ஞாயிறு காலை அந்தச் சத்தத்தைக் கேட்டேன். பின்வளவுக் கராஜ் சுவரில் யாரோ பந்தடிக்கும் சத்தம். டொக். கொஞ்சம் பொறுத்து, டொக்.

பிறம்ரன் வேர்ஹவுசுக்கு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த என் கணவர் நின்று காதுகொடுத்தார்.

"எனக்கொண்டும் கேக்கேல்லை. வோஷிங் மெஷினாயிருக்கும், பாரும்."

அவர் போனதும் படியேறிப் பின்வளவுக்குப் போனேன். யாருமில்லை. ஆனால் சத்தம் நிற்கவில்லை. சுவர் என் கண்முன்னால் வெறுமையாக வெயிலில் நின்றது. அதில் எதுவும் வந்து படவில்லை. ஒவ்வொரு டொக்குக்கும் கராஜின் சின்ன யன்னல் கண்ணாடி மட்டும் மெல்ல அதிர்ந்தது.

அந்த மாவட்டம் விளையாடும் ஞாயிறுகளில்தான் அது கேட்கிறது என்பது பிறகுதான் பிடிபட்டது. மேலே தொலைக்காட்சியில் ஆட்டம் போகும்; வெளியே இது. பொறுக்கமுடியாமல் ஒருநாள் அம்மாவிடமே கேட்டேன். தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது என் காதில் எங்கள் பேச்சாகவே நிற்கிறது.

"எப்பிடிச் சத்தம்? அடிச்சுக் காட்டும்."

மேசையில் தட்டிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

"அவர்தான். பூசைக்குப் போக முதல் அப்பிடித்தான் அடிப்பார்." பிறகு என்னைப் பார்த்தார். "எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை."

அந்த முகத்தில் பயமில்லை. அவருடைய பொருள் ஒன்று என் கையில் இருப்பதுபோலப் பார்த்தார்.

அந்த வருடம் மாவட்டம் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. அன்று காலை என்னை மேலே கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். அயர்லாந்தில் பின்னேரம், எங்களுக்குக் காலை. வெளியே சத்தம் தொடங்கியிருந்தது. அம்மா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தபடி இருந்தார்.

"இப்பவும் கேக்குதோ?"

"ஓம்."

ஆட்டம் முடிவை நெருங்க நெருங்க அடி வேகமாகியது. ஒரே ஒரு புள்ளியால் வென்றார்கள். திரையில் பெரிய பெரிய ஆண்களெல்லாம் அழுதார்கள். அம்மா கைதட்டக்கூட இல்லை.

"நிண்டிட்டுதோ?"

"இல்லை."

"அவருக்குத் தெரியேல்லை. போய்ச் சொல்லும். நான் சொன்னால் அவருக்குக் கேக்காது. நீர் சொன்னால்தான் கேக்கும்."

போனேன். நல்ல வெயிலில் சுவருக்கு முன்னால் நின்றேன். யாரிடம், எந்த மொழியில் சொல்வது? வாயைத் திறந்தபோது தமிழ்தான் வந்தது.

"ஐயா, உங்கட ஆக்கள் வெண்டிட்டினம்."

அடுத்த அடி விழவில்லை. சுவரடியிலிருந்து ஏதோ உருண்டு வருவதுபோலப் புல் ஒரு கோடாக மடங்கிக்கொண்டு வந்து, என் காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நான் அசையவில்லை. குனிந்து தொடவும் துணிவு வரவில்லை. திரும்பினால் சமையலறை யன்னலில் அம்மா.

உள்ளே போனதும் கேட்டார்.

"உம்மட மொழியிலையோ சொன்னீர்?"

"ஓம்."

"அவருக்கு விளங்கிச்சோ?"

"நிண்டிட்டுது."

அம்மா தொலைக்காட்சியை அணைத்தார். அங்கே கிண்ணத்தை இன்னும் கொடுத்திருக்கவில்லை.

இலையுதிர்காலம் வருவதற்குள் எங்களை வேறு வீடு பார்க்கச் சொல்லிவிட்டார். கோபமில்லை. சொல்ல வந்தபோது எங்களுக்கென்று கேக் சுட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"நீர் இஞ்சை இருக்குமட்டும் அவர் அடிக்கிறது உமக்குத்தான் கேக்கும்," என்றார். "எனக்கும் ஒருக்காக் கேக்கவேணும்."

அந்தப் பேச்சு எனக்கு வலித்தது. அந்த வளவைவிட்டுப் போகிறேன் என்ற நிம்மதியும் கூடவே இருந்தது. மல்வேர்னில் ரவுன்ஹவுஸ் வரிசையில் ஒரு வீடு கிடைத்தது. சாமான் ஏற்றிய ஞாயிறன்று கதவுத் திறப்பைத் திருப்பிக் கொடுக்கப் பின்வளவுக்குப் போனேன். குளிருக்குக் கோட் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கிறதா என்று கேட்க வாய் திறந்தேன். திரும்பாமலே கையை நீட்டித் திறப்பை வாங்கிக்கொண்டு, மற்றக் கையால் என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.