கார்டு உண்டா?

அந்த லாட்ஜ் மேனேஜர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். எதைச் சொல்லி முடித்தாலும் மேசை மணியை ஒரு தட்டுத் தட்டுவார். டிங். யாரும் வரமாட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. ஏரலில் நண்பன் கல்யாணத்துக்காகப் பம்பாயிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனில் வந்து இறங்கியிருந்தேன். பர்ஸில் ரொக்கம் கொஞ்சம்தான். ஆனால் புத்தம்புது கிரெடிட் கார்டு இருந்தது, அந்த மிதப்பு.

"அண்ணாச்சி, இங்கே கார்டு உண்டா?"

அவர் முகம் கடுத்தது. சுவரிலிருந்த பலகையைக் காட்டினார்: 'அறையில் சீட்டாடக் கூடாது.'

"கார்டெல்லாம் இங்கன ஆகாது வே. போலீசு வந்துரும்." டிங்.

"ஐயோ, அந்தக் கார்டு இல்லை அண்ணாச்சி! இதைக் காட்டினால் போதும். கையில் காசே வேண்டாம், பிறகு கட்டிக்கொள்ளலாம்."

அட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையில துட்டில்ல, பொறவு கட்டுதேன்னு சொல்லுதீரு. சீட்டாடுதவனும் அதத்தான வே சொல்லுதான்?" டிங்.

எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பர்ஸைக் கவிழ்த்துத்தான் அறை எடுத்தேன்.

இன்றும் எந்தக் கடையில் அட்டையை நீட்டினாலும் காதுக்குள் அந்த மணி அடிக்கிறது. இப்போதும் யாரும் வருவதில்லை. மாதக் கடைசியில் பில் மட்டும் வந்துவிடுகிறது.