இரண்டு புருவமும்

மருத்துவ மாணவர்கள் பிணத்தை அறுத்துப் படிக்கும் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகத் தலைகளை உரித்துத் தயார் செய்பவனுக்கு ‘மண்டையன்’ என்று பட்டம் கட்டியவரே பேராசிரியர்தான். அவரைக் கண்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலையில் குறை கண்டால் வாய் திறக்க மாட்டார். இரண்டு புருவத்தையும் உயர்த்துவார். புருவத்தை மேலே இழுக்கும் அந்த நெற்றித் தசையை எத்தனை பிணத்தில் உரித்திருப்பான்! இந்த ஆளுக்கு மட்டும் உயிரோடு உரிக்கத் தோன்றும்.

அன்று காலை அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

“ஏசி காத்து முகத்து நரம்புல பட்டிருக்கு. ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்று மாணவர்களிடம் குழறினார்.

மண்டையன் அவர் நெற்றியையே பார்த்தான். கோடுகள் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தன. முகத்து நரம்பு கெட்டால் அந்தப் பக்க நெற்றியும் செத்துவிடும், மூளையில் அடைப்பு என்றால்தான் நெற்றி தப்பிக்கும் என்று வருஷா வருஷம் தொண்டை கிழியப் பாடம் நடத்துபவரே அவர்தான்.

“சார், இது நரம்பு இல்ல, மூளை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

“நீ எனக்குப் பாடம் எடுக்கறியா?”

இரண்டு புருவமும் ஒரே உயரத்துக்கு ஏறின.

கழுவி வைத்திருந்த எவர்சில்வர் தட்டை எடுத்துக் கண்ணாடி போல அவர் முகத்துக்கு நேரே பிடித்தான்.

“நான் எடுக்கல சார். உங்க நெத்தி எடுக்குது.”