வாசலில் நின்ற ஜீப்

நான் கிராம சுகாதாரச் செவிலியர். எப்போதும் ஸ்கூட்டரில்தான் போவேன். எல்லையில் சண்டை நடந்த வாரம் அது பழுதாகிவிட, எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்கு அரசு ஜீப்பில் போனேன். ராணுவத்தில் இருக்கும் ஒருவரின் கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும். வாசலில் ஜீப் நின்றதும் அவர் மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஒண்ணும் சொல்லிராதீங்கக்கா. அப்படியே திரும்பிப் போயிருங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

வாசலில் அரசு ஜீப்பைப் பார்த்து அவள் என்ன சேதி என்று நினைத்திருப்பாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏட்டி, பிள்ளைக்கு ஊசி போட வந்திருக்கேன். வேற ஒண்ணுமில்ல."

வெகுநேரம் கழித்தே கதவு திறந்தது. "அவிய நல்லாத்தான இருக்காவ?" என்றாள். எனக்கென்ன தெரியும்?

இப்போதெல்லாம் அவள் வீட்டுக்கு எதில் போனாலும் தெருமுனையிலேயே இறங்கி, தடுப்பூசிப் பெட்டி தெரியும்படி தூக்கிப் பிடித்தே நடக்கிறேன். ஆனாலும் அவள் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான்.