நீலச் சட்டை, மஞ்சள் சட்டை

எங்கள் குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் படை இருந்தது. நூற்றுப் பதினாறு சிப்பாய்கள், அதில் பதினெட்டுப் பேர் குதிரைமேல். தவிர நான்கு பீரங்கிகள். ஒவ்வொருவனும் என் சுண்டுவிரலில் பாதி உயரம். “காவக் காக்க ஒண்ணுமில்லாத வூட்டுக்கு இத்தினி சோல்ஜரா?” என்று அம்மா கேட்பாள். கேட்டுவிட்டு, படை நிற்கும் பலகையை அலுங்காமல் நகர்த்தி அடியில் பெருக்குவாள்.

படை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா பெயிண்டர். படம் வரைகிற பெயிண்டர் இல்லை, சுவருக்கு அடிக்கிற பெயிண்டர். புதுச்சேரியில் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்தபோது, அந்த வீட்டுப் பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போயிருந்தான். அவன் அறையைக் காலி செய்த அம்மாள் ஒரு பெட்டியைக் காட்டிக் குப்பையில் போடச் சொன்னாராம். குப்பையைத் திறந்து பார்க்காமல் போடுகிற பழக்கம் சித்தப்பாவுக்கு இல்லை. உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சிப்பாய்கள். பாதிப் பேர் இன்னும் பிளாஸ்டிக் வார்ப்புச் சட்டத்திலிருந்து பிய்த்தெடுக்கப்படாமல், கை ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமுமாகக் கிடந்தார்கள். கூடவே ஆங்கிலத்தில் ஒரு தடித்த விதிப்புத்தகம்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு அந்தப் புத்தகம் மசியவில்லை. செல்போன் வீடியோதான் கைகொடுத்தது. தாடி வைத்த பெரிய மனிதர்கள் மேசைமேல் இப்படிப் படைகளை நிறுத்தி, இஞ்சு டேப்பால் அளந்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட்டார்கள். வருஷக்கணக்கில் படை சேர்ப்பார்களாம். ஒவ்வொரு சிப்பாய்க்கும் தாங்களே வண்ணம் தீட்டுவார்களாம். சித்தப்பாவுக்கு அது போதும்.

“நரைச்ச தலைங்களே வெளையாடிக்கினு கீதுங்க. நமக்கு இன்னா பாப்பா கொறை?” என்றார்.

வேலை இல்லாத நாட்களில் இருவரும் உட்கார்ந்துவிடுவோம். நான் ஒட்டுவேன், அவர் அடிப்பார். முதலில் பிரைமர். பிரைமர் அடிக்காவிட்டால் செவுரும் சரி, சோல்ஜரும் சரி, கலர் நிக்காது என்பது அவர் சித்தாந்தம். இரும்புக் கேட்டுக்கு அடித்து மீந்த சில்வர் கத்திகளுக்குப் போயிற்று. கறுப்பு பூட்சுக்கு. வீடியோவில் எல்லாச் சிப்பாய்களுக்கும் ரோஸ் நிறத்தில் முகம். சித்தப்பா எங்கள் நிறத்தையே கலந்தார். “நம்மூரு வெயில்ல நாலு நாள் நின்னா எல்லா சோல்ஜரும் இந்தக் கலருக்கு வந்துருவான்” என்றார். கண்களை மட்டும் ஈர்க்குச்சி முனையால், மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தார். நாளெல்லாம் இருபதடிச் சாரத்தில் நின்று ரோலர் உருட்டுகிற கை அது. ஒரு குதிரைக்காரனுக்கு மட்டும் மாறுகண் விழுந்துவிட்டது. அழிக்க மனமில்லாமல் அவனைத் தளபதியாக்கிவிட்டார்.

பெட்டியில் பகடை இல்லை. அத்தை வீட்டுத் தாயக்கட்டையை வாங்கிக்கொண்டோம். தாயம் விழுந்தால் குதிரைப்படை நகரலாம் என்று நாங்களே விதி எழுதினோம். எல்லாம் தயார். சட்டைக்கு வண்ணம் அடிப்பது மட்டும்தான் பாக்கி. இரண்டு படை என்றால் இரண்டு நிறம் வேண்டும் அல்லவா? அதில் சித்தப்பா இழுத்தடித்தார்.

“கலரு விஷயத்துல அவசரப்படக் கூடாது பாப்பா. நிதானமா யோசிக்கணும். இல்லன்னா பேஜாரு.”

ஒரு சட்டைக்கு இவ்வளவு யோசனையா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அதற்குள் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை வந்தது. பத்து நாள் அங்கேயே தங்கல். “நான் வர்ற வரைக்கும் கையை வெக்காத” என்று சொல்லிவிட்டுப் போனார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மறுநாளே டப்பாக்களைத் திறந்துவிட்டேன்.

பளிச்சென்று இருந்தவை இரண்டு. எங்கள் தெரு முனைக் கொடிக்கம்பத்துக்கு அடித்து மீந்த நீலம் அரை டப்பா. எதற்கு அடித்து மீந்ததோ தெரியாத ஒரு மஞ்சள். வல்லத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் காலனி ஒரு பக்கம், ஊர்த் தெரு ஒரு பக்கம், நடுவில் ஏரிக் கால்வாயும் ஒரு மதகும். ஊர்த் தெருவின் கொடிக்கம்பம் மஞ்சள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஊர்த் தெருவைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம், தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போவேன். ஆனால் கொடிக்கம்பம் வேறு, சிப்பாய் வேறு அல்லவா? நான்கு நாளில் பாதிப் பேருக்கு நீலச் சட்டை, பாதிப் பேருக்கு மஞ்சள் சட்டை போட்டு முடித்தேன். பட்டாளமே பண்டிகைக்குப் புறப்பட்டதுபோல் இருந்தது. இந்த அழகைச் சித்தப்பா வருகிற வரைக்கும் வீட்டில் பூட்டிவைக்க முடியுமா?

பக்கத்துக்கு இருபது பேரைச் செருப்புப் பெட்டியில் அடுக்கிப் பள்ளிக்கு எடுத்துப்போனேன். ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் கௌசல்யா ஊர்த் தெருப் பெண். மதியச் சாப்பாடு முடிந்து சிமெண்ட் மேடையில் பெட்டியைத் திறந்ததும், “எனக்கு மஞ்சா. அதான் மங்களகரமா கீது” என்று அவளே எடுத்துக்கொண்டாள். மிச்சம் நீலம் எனக்கு.

ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. எட்டாம் வகுப்பு அண்ணன்கள்கூட வந்து நின்றார்கள். காலனிப் பிள்ளைகள் எல்லாம் என் பின்னால் நின்றார்கள், ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கௌசல்யாவின் பின்னால். யாரும் யாரையும் பிரித்து நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் வேப்பமர நிழல் என்பதால் அப்படி நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சண்டை நன்றாகத்தான் நடந்தது. கௌசல்யாவுக்கு நல்ல கை, என் குதிரைகளில் மூன்றைச் சாய்த்துவிட்டாள். கடைசியில் எனக்குத் தொடர்ந்து இரண்டு தாயம் விழுந்தது. மாறுகண் தளபதி மஞ்சள் பீரங்கியைப் பிடித்தான். “நீலம் ஜெயிச்சிடுச்சி!” என்று என் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அந்தப் பக்கமிருந்து ஒரு கால் வந்து மேடைமேல் நின்ற படையை உதைத்தது. அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் கௌசல்யாவும் அவர்கள் கால்களுக்கு நடுவே தவழ்ந்து சிப்பாய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அவள் நீலத்தையும் பொறுக்கினாள், நான் மஞ்சளையும் பொறுக்கினேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்தது. மதில் சுவருக்கு வெளியே யாரோ ஒரு பெரிய அண்ணன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் என்னைத் தனியாக அழைத்துப்போனார். “ஏம்மா, உனக்கு வேற கலரே கெடைக்கலியா?” என்றார்.

“இல்ல டீச்சர், சிமெண்ட் கலருதான் இருந்துச்சி. அது நல்லாருக்காதுன்னு உட்டுட்டேன்” என்றேன். அவர் என்னை அடிக்கவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் அப்பா கரும்பு வெட்டிலிருந்து பாதியிலேயே வந்துவிட்டார். இரண்டு பேர் பைக்கில் வந்து மதகின் அந்தப் பக்கமே நிறுத்தினார்கள். அப்பா எழுந்து அவர்களிடம் போனார். வந்தவர்கள் அப்பாவைவிடச் சின்னவர்கள், பைக்கிலிருந்து இறங்கவில்லை.

“இன்னாப்பா, உம்பொண்ணு பள்ளிக்கூடத்துல சண்டை உட்டுப் பாக்குதாம்? போன் பூரா ஓடிக்கினு கீது, நீலம் ஜெயிச்சிடுச்சின்னு.”

“சின்னப் பசங்க வெளையாட்டுங்க. கொழந்தைக்கு இன்னாங்க தெரியும்?”

“எங்களுக்குத் தெரியுது. எங்க பசங்களுக்கு யாரு சொல்றது? நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எங்களைக் கேக்காத.”

எங்கள் தெரு இளைஞர்களும் சும்மா இல்லை. எட்டு, பத்துப் பேர் கொடிக்கம்பத்தடியில் கூடி நின்றார்கள். ஜெயித்ததற்காக ஒருவன் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான். எனக்குப் பெருமையாக இருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு அன்றைக்கே கடைசிப் பஸ்ஸில் சித்தப்பா வந்துவிட்டார். திட்டவில்லை. விடிந்ததும் படையையும் டப்பாக்களையும் ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டு மதகின்மேல் போய் உட்கார்ந்தார். இரண்டு தெருவும் போகிற வருகிற இடம் அது. சட்டைகளை இன்னும் அழகாக அடிக்கப்போகிறார் என்று நானும் பிரஷ்ஷோடு ஓடினேன். அவர் மஞ்சளை வாளியில் கொட்டினார், நீலத்தைக் கொட்டினார். கலக்கினால் பச்சை வந்தது. பச்சையும் யாருக்காவது சொந்தமாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடையும் ஊற்றினார். சாணி நிறம் வந்த பிறகுதான் நிறுத்தினார்.

பிரஷ்ஷை அவர் தொடவே இல்லை. ஒவ்வொரு சிப்பாயாகக் காலைப் பிடித்துத் தலைகீழாக வாளியில் முக்கி எடுத்து வரிசையாக வைத்தார். சட்டை போயிற்று, சில்வர் கத்தி போயிற்று, மூச்சை அடக்கி வைத்த கண்கள் போயின. சைக்கிளில் போன ஊர்த் தெருப் பெரியவர் ஒருவர் காலை ஊன்றி நின்று, “இன்னாடா பண்ற?” என்றார்.

“பொம்மைங்க, எல்லாத்துக்கும் ஒரே கலரு அடிச்சிட்டேனுங்க. இனிமே யாரு எந்தப் பக்கம்னு எனக்கே தெரியாது” என்று சிரித்தார் சித்தப்பா. பெரியவரும் சிரித்துவிட்டுப் போனார். அதேபோல் போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் எடுத்துக் காட்டினார், காலனிக்காரர்களிடமும். கேட்காதவர்களைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு படத்தை அழித்ததை ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிற பெயிண்டரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

தளபதியின் முறை வந்தபோது நான் அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன். “உட்டுடு சித்தப்பா, இவனை மட்டும் உட்டுடு!” என்று அழுதேன். அவர் ஒரு நொடி அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு முக்கிவிட்டார்.

“நீ பயந்தாங்கொள்ளி” என்றேன்.

“ஆமாம் பாப்பா. பயம்தான்” என்றார். குரலில் கோபமே இல்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது. இனி அவரோடு பேசுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

இரண்டு வாரம் பேசவில்லை. அந்த இரண்டு வாரமும் அவர் வேலைக்குப் போகவில்லை. மண்டபத்தில் பாதிச் சுவர் அப்படியே நிற்கிறது என்று மேஸ்திரி போனில் கத்துவது எனக்கே கேட்டது. காலையில் நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் இருபது அடி பின்னால் அவரும் வருவார். பள்ளி விட்டால் வாசலில் நிற்பார். வேலை போய்விட்டது போலிருக்கிறது, பொழுது போகாமல் என்னைச் சமாதானப்படுத்த வருகிறார் என்று நினைத்தேன். அவ்வளவு சுலபமாக மசிந்துவிடுவேனா?

அவரைப் படுத்தவேண்டும் என்றே, ஊர்த் தெரு நடுவில், பால் சொசைட்டி முன்னால் பத்து, பதினைந்து ஆண்கள் கும்பலாக நிற்கிற இடமாகப் பார்த்து நின்றுவிடுவேன். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வேன். பின்னால் அவரும் நின்றுவிடுவார். கக்கத்துக்கு அடியில் ஓரக்கண்ணால் பார்த்தால், வெயிலில் நின்றுகொண்டு அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருப்பார். அவர் முகத்தில் வியர்வை வழியும். நன்றாக நிற்கட்டும் என்று நான் வாரைக் கழற்றி மறுபடியும் முதலிலிருந்து மாட்டுவேன்.