பரமசிவம் வக்கீலின் அலமாரி

தீர்ப்புப் புத்தகங்களை வரிசையாக வாங்கி அடுக்க வசதியில்லாத வக்கீல்கள், பரமசிவம் வக்கீலின் அலமாரியில்தான் இரவல் வாங்குவார்கள். பதிலுக்கு அவரை எதிர்த்து வழக்கு எடுக்க மாட்டார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு அது. மந்தாரக்குப்பத்து வக்கீல் நூர் நிஷா அதைக் காலில் போட்டு மிதித்தாள்.

அவளுடைய கட்சிக்காரி செவ்வந்திக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து அவளை விரட்ட வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார்.

"சாமானெல்லாம் தூக்கித் தெருவுல போட்டுருவோம்னு சொல்லிக்கினே இருக்காங்கம்மா. புள்ளைங்கள இட்டுக்கினு எந்த வூட்டுக்குப் போவேன்?" என்று அழுதாள்.

வீட்டுக்காரருக்கு வக்கீல் பரமசிவம். நூர் நிஷா தடையுத்தரவு கேட்டு மனுப் போட்டதும் அலமாரிக்குப் பூட்டு விழுந்தது.

"எந்தப் புத்தகத்த வச்சி வாதாடுறேன்னு நானும் பாக்குறேன்" என்றார் அவர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேப்டாப் ஒன்று வாங்கி, இணையத்தில் தீர்ப்புகள் தரும் நிறுவனத்துக்குச் சந்தா கட்டினாள். ஆனால் அது 2012, மின்வெட்டுக் காலம். ஊர் உலகத்துக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் அனல்மின் நிலையத்தின் நிழலில் இருந்துகொண்டு மந்தாரக்குப்பம் பாதி நாள் இருட்டில் கிடந்தது. மின் நிலைய அதிகாரிகளின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் மட்டும் ஃபேன் நிற்காமல் சுற்றியது. என்ன நியாயமோ!

விசாரணையன்று பரமசிவம் தடித்த புத்தகம் ஒன்றை விரித்து, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவருக்குத் தடையுத்தரவு கிடையாது என்ற பழைய தீர்ப்பை வாசித்தார். செவ்வந்தியிடம் ஒப்பந்தம் இல்லை. நூர் நிஷா உணவு இடைவேளை வரை அவகாசம் கேட்டாள்.

லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. கோர்ட் வராந்தாவில் பிளக் பாயிண்ட் தேடி, கறுப்புக் கோட்டோடு தரையிலேயே உட்கார்ந்தாள். பரமசிவத்தின் ஜூனியர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அதே தீர்ப்பைத் திறந்தாள். அது பின்னாளில் அதிக நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வில் ரத்தானது என்று திரையில் மேலேயே போட்டிருந்தது. குடியிருப்பவரைச் சட்டப்படியன்றி வெளியேற்றக் கூடாது என்ற அந்தப் புதிய தீர்ப்பை ஒரே சொடுக்கில் திறந்து படித்தாள்.

மதியம் அதைச் சொன்னதும் பரமசிவம் எகிறினார்.

"கம்ப்யூட்டர்ல வர்றதெல்லாம் தீர்ப்பாயிடுமா?"

"நம்ப வேணாங்க ஐயா. அந்தப் புதுத் தீர்ப்பு வந்த வருஷத்துப் புத்தகம் உங்க அலமாரியிலயே இருக்கு. தொறந்து பாருங்க."

புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார் நீதிபதி. பரமசிவம் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஜூனியரிடம் கொடுத்தார்.

அன்று மாலை செவ்வந்தி தன் வீட்டிலேயே உலை வைத்தாள்.