தகவல் சொன்னவர்

பேய், ஆவி, கனவில் வந்து சொன்னது, இதெல்லாம் எனக்கு ஆகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்தான், ஆனால் சாட்சி சொல்கிறேன் என்று யாராவது எழுந்து நின்றால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற ஆள். வேலையும் அப்படி. பிரஷர் கேஜ், தெர்மாமீட்டர் மாதிரிக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற கம்பெனியில் இருபத்து நான்கு வருஷமாக இருக்கிறேன். முள் எங்கே நிற்கிறதோ அதுதான் உண்மை, மனுஷன் சொல்வதெல்லாம் அப்புறம். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

எங்களுக்கு ஒரே பெண், ஜெனி. பத்தாம் வகுப்பு. நாங்கள் இருப்பது தெலுங்கு ஊரில்; வீடு அல்வாலில், ஸ்கூல் பக்கத்திலேயே சைனிக்புரியில். ஸ்கூல் நீச்சல் டீமில் இருந்தாள். அவளைச் சேர்க்கும்போதே நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று ஸ்டெல்லா கேட்டாள், காரணம் சொல்லவில்லை, காரணம் சொல்லாத பேச்சு எங்கள் வீட்டில் எடுபடாது, சேர்த்துவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோச்சிடமிருந்து போன். பாதி தூரம் போனவள் அப்படியே நின்றுவிட்டாளாம். கையைக் காலை அடிக்கவில்லை, கூப்பிடவில்லை, சுவிட்சை அணைத்த மாதிரி மூழ்கினாள் சார், என்று ஹிந்தியில் சொன்னார். அவர் குதித்துத் தூக்கிப்போட்டு, நெஞ்சை அமுக்கி, மூச்சு வந்து, நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவள் கட்டிலில் உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள்.

"டாடி, ஐ ஆம் ஃபைன். மம்மியை அழவேண்டாம்னு சொல்லு, எம்பாரசிங்கா இருக்கு."

எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. சுவிட்சை அணைத்த மாதிரி என்கிற வார்த்தை மட்டும் உள்ளே எங்கோ போய் உட்கார்ந்திருந்தது.

எமர்ஜென்சியில் இருந்த டாக்டர் வரிசையாகக் கேட்டார். சாப்பிட்டாளா, முன்னே மயங்கியிருக்கிறாளா, வலிப்பு உண்டா. கடைசியில், "குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?"

ஸ்டெல்லா முந்திக்கொண்டாள். "இவரோட தம்பி சின்ன வயசுலயே போயிட்டாரு டாக்டர். ஆனா அது டைஃபாய்டு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

டைஃபாய்டு இல்லை. இங்கேதான் நீங்கள் என்னைத் திட்டப்போகிறீர்கள், திட்டுங்கள். என் தம்பி சாம் பதினேழு வயதில் தண்ணீரில் போனவன். அப்போது திருமுல்கேரியில் குடியிருந்தோம், சைனிக்புரிக்குப் பின்னால் கல் உடைத்த குழிகளில் மழைத்தண்ணீர் நிற்கும், காலனிப் பையன்கள் எல்லாம் அங்கேதான் நீச்சல். எங்கள் எல்லோரையும்விட அவன் நன்றாக நீந்துவான். அந்த வாரம் இன்டர், அதாவது ப்ளஸ் டூ, ரிசல்ட் வந்திருந்தது, கணக்கில் ஃபெயில். அதனால் ஃபெயிலாகிக் குதித்துவிட்டான் என்று காலனி முழுக்கப் பேச்சு. அம்மா அவன் போட்டோவைக் கழற்றி டிரங்குப் பெட்டியில் போட்டாள். பிறகு எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோது, தற்கொலை நடந்த வீடு என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள் என்று அம்மாதான் டைஃபாய்டு என்று சொல்லி வைத்தாள். ஆம்பூரிலிருந்து வந்த ஸ்டெல்லா வீட்டாரிடம் நானும் அதற்குத் தலையாட்டினேன். அன்றைக்கு ஆட்டிய தலையைத்தான் பதினெட்டு வருஷம் கழித்து எமர்ஜென்சியிலும் ஆட்டினேன். தண்ணீரில் போனவனுக்கும் என் பெண்ணின் நெஞ்சுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்படிச் சொன்னால் பாதிதான் உண்மை. தோன்றியதை நான் பார்க்கவில்லை.

ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். எக்கோ நன்றாக இருந்தது. ஈ.சி.ஜி.யில் ஏதோ ஓர் இடைவெளி கொஞ்சம் கூடுதல், ஆனால் எல்லைக்கோட்டில்தான், பெண் பிள்ளைகளுக்கு இந்த அளவு இருக்கும் என்றார்கள். மறுநாள் காலை பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். காலையில் சாப்பிடாமல் தண்ணீரில் இறங்கியிருக்கிறாள், சாதாரண மயக்கம், வீட்டுக்குப் போகலாம் என்றார்.

"டாக்டர், எப்ப நீந்தலாம்? ட்வென்டியத் அன்னிக்கு மீட் இருக்கு," என்று ஜெனி கேட்டாள்.

"பத்து நாள் ரெஸ்ட் எடு. அப்புறம் போய் மெடல் வாங்கிட்டு வா."

ஸ்டெல்லாவுக்கு உயிர் வந்தது. நான் டிஸ்சார்ஜ் காகிதத்துக்காகக் கீழே கவுண்டரில் போய் நின்றேன். அவள் கேன்டீனுக்கு இட்லி வாங்கப் போனாள். ஜெனியைக் கடைசியாக ஒரு ஈ.சி.ஜி. எடுக்க அழைத்துப் போயிருந்தார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்த அரைமணி நேரம் எங்கள் மூன்று பேரில் ஒருவரும் வார்டிலும் இல்லை, வெளியே வராந்தாவிலும் இல்லை. எங்களோடு வேறு யாரும் வரவும் இல்லை.

என் டோக்கன் வருவதற்குள் நர்ஸ் போன் பண்ணினாள், பெரிய டாக்டர் உடனே வரச்சொன்னார் என்று. மேலே போனால் அவர் அறையில் ஸ்டெல்லா ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறாள், மடியில் இட்லிப் பொட்டலம். டாக்டர் கையில் ஜெனியின் கேஸ் ஷீட். பக்கத்தில் ஸ்வாதி என்று ஒரு பெண், மேல்படிப்புப் படிக்கிற ஜூனியர் டாக்டர், இருபத்தாறு வயசு இருக்கலாம்.

"இதை ஏன் நேத்தே சொல்லலை?" என்றார் பெரிய டாக்டர். "நான் அந்தப் பொண்ணை மறுபடி தண்ணிக்கு அனுப்பியிருப்பேன்."

காகிதத்தை என் பக்கம் திருப்பினார். நோயாளியின் கதையைக் கேட்டு எழுதும்போது அதை யார் சொன்னது, அவரை நம்பலாமா என்றும் எழுதவேண்டும், அவர்களுக்குப் பாடத்திலேயே அப்படியாம். ஸ்வாதியின் உருண்டைக் கையெழுத்தில் இங்கிலீஷில் இருந்ததை அப்படியே சொல்கிறேன்.

தகவல் சொன்னவர்: தந்தையின் தம்பி. நம்பத் தகுந்தவர்.

அதற்குக் கீழே: தந்தையின் உடன்பிறந்தவர், ஆண், பதினேழு வயது, நன்றாக நீந்தத் தெரிந்தவர், கல்குழித் தண்ணீரில் இறந்தார். கை கால் அடிக்கவில்லை. குதிப்பதற்கு முன் நெஞ்சு படபடப்பு, அண்ணனிடம் சொன்னார். அண்ணனுக்கும் ஈ.சி.ஜி. எடுக்கவும்.

நான் அதை இரண்டு முறை படித்தேன். வெளியே வராந்தாவில் யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போனார்கள், ஒரு சக்கரம் மட்டும் கிரீச்சென்றது, அதை நன்றாகக் கேட்டேன். மற்றபடி பயமோ அதிர்ச்சியோ எதுவும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் இருக்குமே, அப்படி இருந்தது.

அன்றைக்கு அந்தக் குழியில் நாங்கள் இரண்டு பேர்தான். போலீஸ் ஏட்டில்கூட அப்படித்தான் பதிந்தார்கள். சைக்கிளைப் போட்டுவிட்டு மேட்டில் யார் முதலில் என்று ஓடினோம். அவன் ஜெயித்தான். ஜெயித்தவன் பாறையில் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அண்ணே, படபடன்னு அடிக்குது, ஒரு நிமிஷம் இரு," என்றான். நான் சிரித்தேன். "கணக்குலதான் ஃபெயிலுன்னு நினைச்சேன், இதுலயுமா?" என்றேன். அவன் என்னைப் பார்த்துவிட்டுக் குதித்தான். போலீசிடம் நான் இதைச் சொல்லவில்லை. அம்மாவிடம், அப்பாவிடம், பாதிரியாரிடம், யாரிடமும் சொல்லவில்லை. அவன் தற்கொலை செய்துகொண்டான் என்று ஊரே பேசியபோதுகூட, இல்லை, நான் கேலி பண்ணித்தான் குதித்தான் என்று வாய் திறக்கவில்லை. இருபத்தொன்பது வருஷம்.

"இது உண்மையா?" என்றார் டாக்டர்.

"உண்மைதான்," என்றேன்.

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவில்லை. இட்லிப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

அன்று மதியமே ஜெனியை டிரெட்மில்லில் ஓடவிட்டு எடுத்தார்கள். ஓடும்போது ஒன்றும் இல்லை, நின்று இளைப்பாறுகிறபோதுதான் கோடு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் எனக்குச் சின்னக் கட்டங்களை எண்ணிக் காட்டினார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மறுபடி தயாராக ஒரு நேரம் எடுத்துக்கொள்கிறது, இவளுக்கு அந்த நேரம் நீளம், ஓடினாலோ நீந்தினாலோ இன்னும் நீளும், அந்த நேரத்தில் துடிப்பு தாறுமாறாகிவிட்டால் அவ்வளவுதான். லாங் க்யூ.டி. என்று பெயர், பரம்பரையாக வருவது. நீந்தத் தெரிந்த பிள்ளை தண்ணீரில் சத்தமில்லாமல் போனது என்று கேட்டாலே நாங்கள் இதைத்தான் முதலில் தேடுவோம் என்றார். ஒரு மாத்திரை தினமும், நீச்சல் கூடாது, சில மருந்துகள் தொடவே கூடாது என்று ஒரு பட்டியல். பிறகு என்னைப் படுக்கவைத்து எடுத்தார்கள். எனக்கு டிரெட்மில்லே தேவைப்படவில்லை, சும்மா படுத்திருக்கும்போதே ஜெனியைவிடக் கட்டங்கள் அதிகம். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் மாற்றி எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். கருவி சரியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஸ்வாதியை லிஃப்ட் பக்கத்தில் பிடித்தேன். பாதி தெலுங்கு, பாதி இங்கிலீஷில் பேசினோம்.

"அம்மா, இதை உனக்குச் சொன்னது யார்?"

"உங்க தம்பிதான் சார். ஈ.சி.ஜி. ரூமுக்கு வெளியே பெஞ்சில உட்கார்ந்திருந்தார். ஜெனி கூட வந்த அட்டெண்டர் யாருன்னு கேட்டேன், நான் சித்தப்பான்னார். கேட்கக் கேட்க எல்லாம் தெளிவாச் சொன்னார்."

"இறந்தது யாருன்னு சொன்னான்?"

"பெயர் சொல்லலை. நீங்க மூணு பேர் அண்ணன் தம்பின்னு நினைச்சேன்." பிறகு கொஞ்சம் தயங்கி, "அண்ணன் சொல்லமாட்டான், அவன் மேல தப்பு இல்லை, நீங்க எழுதிக்கோங்கன்னார்," என்றாள்.

எனக்கு ஒரே தம்பி என்று சொன்னேன். அந்தப் பெண் ரொம்ப நேரம் என் சட்டைப் பித்தானையே பார்த்தாள். "நான் நேத்து காலையிலேர்ந்து டியூட்டி சார், தூங்கலை. வேற பேஷன்ட்டோட ஆளா இருக்கலாம்," என்றாள். இருக்கலாம் என்று நானும் சொன்னேன். வேறு எந்தப் பேஷன்ட்டின் ஆளுக்கு அந்தக் குழியும் அந்தப் படபடப்பும் தெரியும் என்று நான் கேட்கவில்லை. செக்யூரிட்டியிடம் கேட்டுப் பார்த்தேன், அந்த வராந்தாவின் கேமரா லிஃப்டைத்தான் பார்க்கிறது, பெஞ்சைப் பார்க்கவில்லை.

ஆட்டோவில் வரும்போது ஜெனி என் தோளில் தூங்கிவிட்டாள். லோத்குண்டா தாண்டும்போது ஸ்டெல்லா முதல்முறையாக வாய் திறந்தாள்.

"டைஃபாய்டுன்னு சொன்னீங்களே."

"ம்."

"இன்னும் பத்து நாள்ல அவளைத் தண்ணியில இறக்கியிருப்பேனே, நானே டிஃபன் கட்டிக்கொடுத்து."

வீட்டுக்குப் போனதும் அவள் டிரங்குப் பெட்டியை இழுத்து, துணிகளைக் கீழே போட்டு, சாமின் போட்டோவைக் கண்டுபிடித்துத் துடைத்து ஹாலில் மாட்டினாள். யார் இது என்று ஜெனி கேட்டாள். உன் சித்தப்பா என்றாள். ஜெனி பார்த்துவிட்டு, "க்யூட்டா இருக்காரு, ஏன் இத்தனை நாள் மாட்டலை?" என்றாள்.

இது நடந்து ஏழு மாதமாகிறது. ஜெனி நீச்சலை விட்டுவிட்டுச் செஸ்ஸில் சேர்ந்திருக்கிறாள், வேண்டாவெறுப்பாகத்தான். இருவரும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே அட்டையிலிருந்து மாத்திரை போடுகிறோம். எல்லாம் ஒரு மாதிரி சமன்பட்டுவிட்டது. நாங்கள் மூன்று பேர் அண்ணன் தம்பி என்று ஸ்வாதி தப்பாக நினைத்தாள், தூக்கக்கலக்கம், எங்கள் காலனியிலிருந்து யாரோ பழைய ஆள் அன்றைக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒளிந்து பார்த்திருப்பான், தற்செயலாக ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பான் என்றெல்லாம் எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வலுவில்லாத கணக்குதான், ஆனாலும் அதன்மேல் படுத்துத் தூங்கமுடிந்தது.

போன மாதம் செக்கப்புக்குப் போனபோது ஸ்வாதி எதிரே வந்தாள். ஜெனியிடம் பேசினாள், என் மாத்திரையைப் பற்றிக் கேட்டாள். போகிறவள் திரும்பி வந்து, "சார், ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அன்னிக்கு அது எனக்கு வித்தியாசமாத் தெரியலை, வீட்டுக்குப் போனப்புறம்தான் யோசிச்சேன்," என்றாள்.

"சொல்லும்மா."

"அவர் பேசி முடிக்கிற வரைக்கும் என்னை அக்கா, அக்கான்னுதான் கூப்பிட்டார்."

சாம் இருந்திருந்தால் இப்போது நாற்பத்தாறு.