பருத்திப் பனிக்குள் ஒரு ரயில்

எஸ்தர்ராணி மேற்கு ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸ் லீவில் கோவில்பட்டிக்கு வருவாள். அவள் புருஷன் தேவஆசீர்வாதம் நூல் மில்லில் எலெக்ட்ரீசியன். எண்பத்தாறில் வந்தபோது அவருக்கென்று ஒரு பொம்மை ரயில் கொண்டுவந்தாள். தண்டவாளத் துண்டுகள், உள்ளங்கையில் அடங்கும் இரண்டு என்ஜின்கள், எண் பொத்தான்கள் வைத்த ஒரு கண்ட்ரோல் பெட்டி.

“அங்கன ஒரு கடையில ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒரே தண்டவாளத்துல ஒண்ணு போகுது, ஒண்ணு நிக்குது. ஒங்களுக்குப் பிடிக்கும்னு தோணுச்சு” என்றாள்.

அவளை ரயிலேற்றிவிட்டு வந்த வாரமே முன்னறையில் பொம்மை ரயிலுக்குப் பலகை அடிக்கத் தொடங்கினார். மாதக்கணக்கில் அதே வேலை. கரண்ட் தண்டவாளம் முழுக்க எப்போதும் இருந்தது. ஆனால் பெட்டியில் எந்த எண்ணை அழுத்துகிறோமோ அந்த என்ஜின் மட்டுமே அசைந்தது. எவ்வளவு தள்ளி நின்றாலும் தன் எண் வந்தால் அது புறப்பட்டு வந்துவிடும். அவரை மயக்கியது அதுதான். சில சாயங்காலங்களில் வேறெதுவும் செய்யாமல், இரண்டாம் எண்ணைக் கோடியிலிருந்து கூப்பிட்டுக் கொண்டிருப்பார்.

வளைவுக்கு அப்பால் கரண்ட் குறைந்து வண்டி தளர்ந்தது. பலகைக்கு அடியில் தடித்த ஒயர் இரண்டை ஓட்டி, அங்கங்கே தண்டவாளத்தோடு பற்றவைத்தார். தளர்ச்சி போயிற்று. தரைக்கு நாகலாபுரத்திலிருந்து நிஜமான கரிசல் மண்ணையே சலித்துக் கொண்டுவந்து பசையில் ஒட்டினார். ஐப்பசி மழையில் அது ஈரம் குடித்து உப்பியது. வெயிலடித்ததும் வெடித்துத் தண்டவாளத்தை இணைப்பில் பிளந்துவிட்டது.

“அசல் மண்ணுல்லா அண்ணாச்சி, அது கொணத்தக் காட்டத்தான் செய்யும்” என்றான் கூட வேலை செய்யும் தங்கசாமி.

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, கரி கலந்த மரத்தூளைப் பரப்பினார். தீக்குச்சிகளை ஒட்டி ஸ்டேஷன் கட்டினார்.

எண்பத்தெட்டு டிசம்பரில் எஸ்தர்ராணி வந்தாள். கொண்டுவந்த பெட்டியைக்கூடத் திறக்காமல் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு மூலை மட்டும் வெறுமையாக இருந்தது.

“இங்கன என்ன வரப்போகுது?”

“ஒன் ஊரு. நான் பாத்ததில்லையே, எப்படிக் கட்ட?”

அவள் தரையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் அட்டையை வெட்டினார். நர்சுகளின் விடுதி, சரிந்த கூரை, அவள் அறையின் ஜன்னல். பனிக்கு விளாத்திகுளத்துப் பருத்தியைக் கொட்டை நீக்கிப் பிய்த்துப் போட்டாள்.

“இம்புட்டா விழும்?” என்றார்.

“இதவிட சாஸ்தி. ஜன்னல்கிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லத் தோணாது.”

அந்த லீவு முழுக்க ஆளுக்கொரு என்ஜினை ஓட்டினார்கள்.

திரும்பிப் போகும் நாளில் ஸ்டேஷனில் அவள் சொன்னாள்: “இன்னும் மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன். எனக்கு இப்படி வந்து வந்து போக முடியல. நீங்க அங்க வாங்க.”

“அங்க வந்து நான் என்ன செய்ய?”

“என்கூட இருங்க.”

வண்டி நகர்ந்துவிட்டது. பதில் சொல்லாததே அவரை உறுத்திக் கொண்டிருந்தது. பங்குனியில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். ஆவணியில் விசா வந்தது. மில்லில் சம்பளமில்லா லீவு கேட்டார். “திரும்பி வருவீங்களா?” என்று மேனேஜர் கேட்டதற்கு, “தெரியல சார்” என்றார்.

கடைசியாக ஒரு சுவெட்டர் வேண்டியிருந்தது. கடைத்தெருவில் காசிராஜன் ஜவுளிக்கடையில் அப்படி ஒன்று கிடையாது. கொடைக்கானலுக்குப் போன யாரிடமோ சொல்லி காசிராஜன் வரவழைத்துக் கொடுத்தார். நடுமத்தியானம், அனல் காற்று. தேவஆசீர்வாதம் அதைக் கடையிலேயே போட்டுப் பார்த்தார். கழுத்திலும் முதுகிலும் வேர்வை வழிந்தது.

“அளவு சரிதான் அண்ணாச்சி, கழத்துங்க. வெந்துருவீங்க” என்றார் காசிராஜன்.

“கொஞ்சம் இருக்கட்டும்” என்றார் அவர்.